மருந்துப் பையில திருநீறு

எனக்கு இனிப்பு நீர் வியாதி வந்து ரொம்ப வருசமாச்சு. வயித்துல ஊசி போட்டுக்கிட்டாதான் சோறு. கூச்சிங்ல இருக்கற மகளுக்குப் பிள்ளை பொறந்திருக்குன்னு சேதி வந்தப்ப, சந்தோசத்தோட பயமும் சேந்து வந்துச்சு. பிளேன்ல ஊசிய விடுவாங்களா? பிடுங்கிக்கிட்டா நான் உலு திராம் வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

எங்க வீட்டம்மாதான் பையக் கட்டுனா. வாய் அகலமான பிளாஸ்க்ல ஐஸ்கட்டி, அதுக்குள்ள மருந்து, பக்கத்துல ஊசி. அது வரைக்கும் சரி. பேரனுக்குன்னு கோயில்ல வாங்குன திருநீற காகிதத்துல பொட்டலம் பொட்டலமா மடிச்சு அதுமேல வச்சது நான். ஏன் அங்க வச்சேன்னா, நான் காஹாங் பக்கம் எஸ்டேட்ல பொறந்தவன். அங்க ஆஸ்பத்திரின்னா ஒத்த ரூமு. மருந்து குடுக்கறவர டிரசர்னு சொல்லுவோம். காய்ச்சல்னு போனா வெள்ளத் தூள இப்பிடித்தான் காகிதத்துல மடிச்சுக் குடுப்பாரு. அப்பிடி ஒரு கசப்பு! எங்கம்மா அத சாமி படத்துக்கிட்ட, திருநீத்துத் தட்டுல வச்சுதான் எடுத்துக் குடுக்கும். மருந்தும் திருநீறும் ஒண்ணா இருந்தே எனக்குப் பழகிப்போச்சு.

செனாய் ஏர்போர்ட்ல பை மிசினுக்குள்ள போயி வெளிய வந்துச்சு. தலைக்குத் துடோங் முக்காடு போட்ட மலாய்க்காரப் பொண்ணு ஒண்ணு அதத் திறந்துச்சு. ஊசியப் பாத்துச்சு. பொட்டலத்தப் பிரிச்சுச்சு.

"பாக்சிக், இது என்னா?" பெரியவர்ங்கற மரியாதையோட மலாய்லதான் கேட்டுச்சு.

எனக்கு அப்பதான் உறைச்சுது. ஊசி, பக்கத்துலயே வெள்ளத் தூளு. அலமாக்! இந்த நாட்டுல போதைத் தூளுன்னா தூக்கு வரைக்கும் போகும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "சாம்பலு"ன்னேன்.

"சாம்பல எதுக்கு மருந்தோட கொண்டு போறீங்க?"

வீட்டம்மா தமிழ்ல பிடிச்சுக்கிட்டா. "நல்லா வச்சீங்க போங்க! பேரன் மூஞ்சியப் பாக்க வேணாம், இங்கயே உக்காருங்க." சொல்லிக்கிட்டே ஒரு சிட்டிகை எடுத்து என் நெத்தியில பூசிட்டு, விரல்ல மிச்சமிருந்ததத் தன் வாயில போட்டுக்கிட்டா.

அந்தப் பொண்ணு பதறிப்போச்சு. "மாக்சிக், சாப்புடாதீங்க!"

"சாமி சாம்பலு, சாப்புடலாம்லா," இவ மலாய்ல சொன்னா.

பொண்ணு என் நெத்தியப் பாத்துச்சு, பொட்டலத்தப் பாத்துச்சு, மறுபடி நெத்தியப் பாத்துச்சு. ஒரு சின்னத் துணிய அந்தத் தூள்ல ஒத்தி, இன்னொரு மிசின்ல வச்சுச்சு. போதைத் தூளு இல்லேன்னு அது காட்டுச்சு. அப்புறம் மருந்து மேல ஆஸ்பத்திரி ஒட்டுன பேரையும் என் அடையாள அட்டை ஐசியையும் சேத்துப் பாத்துட்டு, சிரிச்சுச்சு. ஒரு வார்த்தை கடுசா பேசல.

"சாம்பல சட்டப் பாக்கெட்ல வைங்க பாக்சிக். ஊசியோட வேணாம்."

பிளாஸ்க்க மூடப் போன பொண்ணு, உள்ள எட்டிப் பாத்து, "ஐஸ் கரைஞ்சு போச்சே, உள்ள காப்பிக் கடையில கேளுங்க, குடுப்பாங்க"ன்னுச்சு. எனக்கே அது தோணல.

குடுத்தாங்க. கூச்சிங்ல மக வீட்டுல பிளாஸ்க்கத் திறந்தப்ப ஐஸ் இன்னும் கடகடன்னுச்சு. ஊசி போட்டுக்கிட்டு, சோறு சாப்புட்டு, கைய நல்லாக் கழுவிட்டு, பாக்கெட்லேருந்து பொட்டலத்த எடுத்துப் பேரன் நெத்தியில வச்சேன். அவன் தும்முனான். அந்தப் பொண்ணும் நல்லா இருக்கட்டும்னு அப்பவே சாமியக் கேட்டுக்கிட்டேன். பேரு தெரியாது. சாமிக்குத் தெரியும்.