மஞ்சள் போட்ட இறால்

மில்லில் வேலை பாதியாகக் குறைந்ததும் என் வீட்டுக்காரருக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. எதிர்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர். தன் பழைய தூண்டில் கோலை இவரிடம் கொடுத்துப் புண்ணியம் கட்டிக்கொண்டார். அதிலிருந்து எது குழம்புக்கு, எது இரைக்கு என்பதே எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வழக்காகிவிட்டது. என் சட்டிக்கு வரவேண்டிய மத்தி அவர் தூண்டில் முள்ளுக்குப் போனது. பிளவுஸ் தைக்கிற நூல்கண்டும் போனது. அலை அடிக்கிற இடத்தில் இரை நிற்க வேண்டுமானால் நூல் சுற்றிக் கட்ட வேண்டுமாம். இத்தனை சீர்வரிசையோடு வீராம்பட்டினத்துக் கடற்கரை மணலுக்குப் போய் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் அந்த மணலைத்தான்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருவதாக இருந்தது.

மகளுக்குக் காது குத்தியபோது விழுப்புரம் பக்கத்திலிருந்து அண்ணன் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று இவர் அவசரப்பட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை என் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்துவிட்டார். அண்ணன் வந்தார், பார்த்தார், சீர்த்தட்டை வைத்தார், கை நனைக்காமல் போய்விட்டார். அதன்பிறகு சில வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என்னோடும் பேச்சில்லை. அம்மா அழுது மன்றாடித்தான் இப்போது வர ஒப்புக்கொண்டிருந்தார். இறால் தொக்கு என்றால் அண்ணனுக்கு உயிர். ஒரு வாய்ச் சோறு என் வீட்டில் தின்றுவிட்டால் போதுமென்று தவித்துக் கிடந்தேன்.

காலையிலேயே நல்ல இறாலாகப் பார்த்து வாங்கி, உரித்து, மஞ்சளும் உப்பும் பிசறி மூடி வைத்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு கொத்தமல்லி வாங்கப் போய்த் திரும்பினால் இறால் கிண்ணம் இல்லை, நூல்கண்டு இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. நாற்காலியில் அண்ணனின் பை மட்டும் இருந்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் வாசலுக்கு வந்தார். "உங்க அண்ணனும் அவனும் ஒரே மொபெட்ல கடலுக்குப் போனாங்கம்மா. எறாவயும் எடுத்துக்கினு போனாங்க. ரொட்டி வச்சா மீனு தானா வரும்னு சொன்னேன், ரெண்டு பேரும் கேக்கல."

முகத்தில் முழிக்காத இரண்டு பேர் கடற்கரைக்குப் போவது அடிதடிக்கு இல்லாமல் வேறு எதற்கு? மகளோடு ஆட்டோவில் ஏறினேன். மணலில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. அண்ணன் கையை ஓங்கி நிற்கிறார். இவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார். அம்மனை வேண்டிக்கொண்டே ஓடினேன்.

"வாலுல இருந்து கோக்கணும் மாப்ள. அப்பதான் எறா முள்ளு மேல நீட்டமா படுக்கும்."

"தலப் பக்கந்தான் கெட்டி மச்சான். அலை அடிச்சாலும் பிச்சிக்கினு போவாது."

"ஏரியில நான் புடிக்காத மீனா?"

"இது கடலு மச்சான்!"

மாப்ளையாம், மச்சானாம்! மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நடந்ததைப் பிறகு இவரே சொன்னார். மச்சானுக்குக் கடையில் வாங்கியதையா போடுவது, கையால் பிடித்த கொடுவா மீன் போடலாமென்று வாசலில் உட்கார்ந்து இறாலை முள்ளில் கோத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்போது பார்த்து அண்ணன் வந்து நின்றிருக்கிறார். 'வாங்க' என்ற ஒரு சொல் இவர் வாயில் வரவில்லை. அண்ணனும் சௌக்கியம் விசாரிக்கவில்லை. "இப்டி கோத்தா நிக்காது" என்றாராம். அவ்வளவுதான் சமாதானம். அம்மாவின் கண்ணீரும் என் வேண்டுதலும் வீண்.

வாலில் கோத்தும் பார்த்தார்கள், தலையில் கோத்தும் பார்த்தார்கள். இரையை நண்டு தின்றதுதான் மிச்சம், ஒரு மீனும் சிக்கவில்லை. கடைசியில் அண்ணன் ஓர் இறாலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் கோணியது. திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்தார்.

"ஏம்மா, எறாவுல மஞ்சளயா போட்டு வச்ச? கவிச்சியே போயிடுச்சி. எந்த மீனு வரும்?"

"அதான் மச்சான், நானும் இன்னாடான்னு பாத்தேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தைப் பிடுங்கிக் கடலில் எறியலாம் போலிருந்தது. அதற்குள் அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நூல் சிக்கெடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

மதியம் ரசமும் முட்டைப் பொரியலும்தான். அண்ணன் மகளை மடியில் வைத்துக்கொண்டு, மறுசோறு கேட்டு வாங்கித் தின்றார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வர்றேன். நல்ல எறாவா வாங்கி வையி. மஞ்ச மட்டும் போட்டுடாத."