பதம் போடாத கத்திகளோடு போத்தனூருக்கு

தொண்ணூற்றாறில் ஒரு வியாழக்கிழமை. காலை ஐந்தரைக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். மடியில் சாக்குப்பை; அதற்குள் நான் செய்த கறிவெட்டுக் கத்திகள். இன்னும் உலையில் காய்ச்சி இறுக்கிப் பதம் போடாதவை. போன மாதம் அனுப்பியவற்றைப் போத்தனூர்ப் பட்டறை உலையில் காய்ச்சி, எண்ணெயில் முக்கித் திருப்பி அனுப்பியிருந்தது. பாதிக்குமேல் வாழைக்காய்போல் கோணியிருந்தன. கேட்டதற்கு, "வரும்போதே அப்பிடித்தானுங்க இருந்துது" என்று போனை வைத்துவிட்டார்கள். கறிக்கடைக்காரர்கள் இன்னொரு முறை பொறுக்கமாட்டார்கள். இந்த முறை உலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். கோவை உக்கடத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அந்த அம்மணி ஷெட்டுங்களா? ஆரையும் உள்ள உடமாட்டாங்களே."

ஏன் விடமாட்டார்கள்? அந்தக் கேள்வி போத்தனூர்வரை கூடவே வந்தது.

ரயில் பாதையை ஒட்டித் தகரக் கொட்டகை. உரிமையாளர் சரோஜா அம்மாள் எனக்கு நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார், உலை இருந்த அறைக் கதவைச் சாத்தினார்.

"நீங்க ஊருக்குப் போங்க. நாளைக்கு அனுப்பி வெக்கறோமுங்க."

"பாக்காமப் போகமாட்டேம்மா."

"ஏனுங்க, வேற பட்டறைக்காரங்க ஆராச்சும் உங்கள அனுப்பிச்சாங்களா?"

அவர் என்னைச் சந்தேகிக்க, எனக்கு அவர்மேல் சந்தேகம் இன்னும் கூடியது. நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கதவு திறந்தது.

வேலைக்காரர் துரைசாமி கத்திகளைக் கம்பியில் தொங்கவிட்டு மின்சார உலைக்குள் ஏற்றினார். அவை சிவக்கத் தொடங்கிய நேரத்தில் மின்சாரம் போயிற்று. துரைசாமி இடுக்கியோடு உலைக் கதவில் கை வைத்தார்.

"சூடு எறங்கறதுக்குள்ள முக்கிப்போடலாமுங்களா, போனவாட்டி மாதிரி?"

சரோஜா அம்மாள் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"வேண்டாம். கதவத் தொறக்காதீங்க" என்றார் துரைசாமியிடம். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போனவாட்டியும் இப்பிடித்தான் கரண்ட் போயி, அவசரத்துல முக்கிப்போட்டமுங்க. கதவோரம் இருந்ததெல்லாம் ஒரு பக்கம் ஆறிப்போச்சு. கோணாம என்ன பண்ணும்?"

"போன்ல ஏம்மா பொய் சொன்னீங்க?"

"இருக்கற வேலையும் போயிருமேன்னுதானுங்க."

மாலையில்தான் மின்சாரம் வந்தது. முதலிலிருந்து மறுபடி காய்ச்சினார்கள். எல்லாம் ஒரே நிறமாகச் சிவந்தபின், துரைசாமி ஒவ்வொன்றையும் முனை கீழே இருக்க, சாயாமல், வெதுவெதுப்பான எண்ணெயில் இறக்கினார். சூடு முழுதும் போகுமுன் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து இறுக்கினார். ஆறியதும் நான் ஒன்றுவிடாமல் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இரண்டைத் தவிர எல்லாம் நேர். அந்த இரண்டையும் சரோஜா அம்மாளே ஒதுக்கினார்.

"அடுத்த வாட்டி நீங்க அலைய வேண்டாமுங்க. நம்பி அனுப்புங்க."

தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். எங்கள் திண்டுக்கல்லில் பூட்டைப் போட்டால் இழுத்துப் பார்க்காமல் யாரும் நகரமாட்டோம். பொள்ளாச்சிவரை அவரை நம்பினேன். உடுமலையில் பஸ் நின்றதும் பையை அவிழ்த்து, ஒரு கத்தியை உருவி விளக்கு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்தான் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.