அறுபத்து மூன்று நிமிட வீராங்கனை

உதைபந்தாட்டக் கழகத்தில் வீராங்கனைகளைப் பராமரிக்கும் வேலை என்றதும் பந்தோடும் காலோடும் மாரடிக்கிற வேலை என்று நினைப்பீர்கள்; அது முழுக்க முழுக்கக் கடிதத்தோடும் தொலைபேசியோடும் மாரடிக்கிற வேலை. எட்டு வயதில் அம்மாவோடு அரசாங்கக் கந்தோருக்குப் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்வதைத் தமிழிலும், அம்மா சொல்வதை ஜெர்மனிலும் மாற்றிக் கொடுத்தே வளர்ந்த என் சகபாவிகளே, உங்களுக்கு இது புதிதில்லை. கந்தோர்க்காரர் முறைத்தால் அம்மாவிடம் அதை மென்மையாகச் சொல்லியிருப்பீர்கள். அம்மா ஏசினால் அதை விழுங்கியிருப்பீர்கள். எனக்குத்தான் விழுங்க வரவில்லை.

நான் சூரிச்சில் சட்டம் படிக்கிறேன். வின்டர்தூர்ப் பக்கத்தில் இரண்டாம் பிரிவில் ஆடும் பெண்கள் அணி ஒன்று, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வீடு, வதிவிட அனுமதி, டொக்டர், பல்லுவலி எல்லாம் பார்க்க ஓர் ஆளைத் தேடியது. நாற்பது வீத வேலை, கிழமைக்கு இரண்டு நாள். அதற்குமேல் எவ்வளவு வீதம் கோபப்பட வேண்டிவரும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை.

இரண்டு வருடத்தில் என் பொறுப்பில் வந்தவர்களில் ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் சிக்னே. சுவீடன்காரி, முன்களத்தில் ஆடுபவள், வரும்போது முப்பது வயது. பாதி நாள் உதைபந்து, மீதி நாள் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. அவள் கதைப்பது ஆங்கிலம், சுற்றியிருந்தவர்கள் கதைப்பது சுவிஸ் ஜெர்மன். இங்கே எல்லோரையும் எங்கள் வீட்டுத் தமிழில் கதைக்க விட்டிருக்கிறேன். விரும்பினால் வழக்குப் போடட்டும்.

தோய்க்கும் நாள்

ஆண்கள் அணியின் உடுப்பைக் கழகமே தோய்த்து, மடித்து, அலுமாரியில் வைக்கும். பெண்கள் தங்களுடையதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஏன் என்று கேட்டால், எப்போதும் அப்படித்தான் என்பார்கள். சிக்னே இருந்த கட்டடத்தில் நிலவறையில் ஒரேயொரு தோய்க்கும் அறை, வீட்டுக்கொரு நாள். அவளுக்கு விழுந்தது இரண்டு கிழமைக்கொரு செவ்வாய். முதல் போட்டி ஞாயிற்றுக்கிழமை. மழைச் சேற்றில் புரண்டு இரண்டு கோல் போட்டவள், வீட்டுக்கு வந்த கையோடு மெஷினை ஓடவிட்டாள்.

சத்தம் கேட்டு மேல்மாடி அம்மா இறங்கி வந்தா. நான் அங்கேதான் நின்றேன். சும்மா நிற்பேனா? இவ யார் தெரியுமோ என்று தொடங்கி, அந்த இரண்டு கோலைச் சொல்லி, ஆண்களின் காற்சட்டையைத் தோய்க்கும் கழகம் பெண்களின் காற்சட்டையைத் தோய்க்காத அநியாயம் வரைக்கும் போனேன். அந்த அம்மா ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டா. பிறகு சிக்னேக்குக் கைகொடுத்துவிட்டுச் சொன்னா: "வாழ்த்துகள். ஞாயிற்றுக்கிழமை கோல் அடிக்கலாம். தோய்க்கேலாது."

புல்லுக்கு ஓய்வு

மைதானப் பொறுப்பாளர் என்றொருவர் இருக்கிறார். கழகத்தின் தலைவரைக்கூட எதிர்த்துக் கதைக்கலாம், இவரை ஏலாது. அவர் ஒரு சிவப்புப் பலகையைக் கொழுவினால் புல்தரை மூடியாயிற்று. அந்தச் சித்திரை மாதம் மூன்று நாள் மழை. நாங்கள் பயிற்சிக்குப் போக, பலகை தொங்கியது. அடுத்த நாள் பதின்மூன்று வயதுப் பொடியன்களுக்குப் போட்டி இருந்ததாம். எங்கள் அணியைப் பின்னாலிருந்த பழைய செயற்கைத் தரைக்கு அனுப்பினார்கள்.

நான் விட்டேனா? லீக்கில் ஆடுகிறவர்களுக்குத் தேய்ந்துபோன பிளாஸ்டிக், பள்ளிக்கூடப் பொடியன்களுக்குப் புல்லா என்று அவருடைய கொட்டிலுக்கே போய்க் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். சிக்னே பந்தைத் தொடவில்லை, யாரும் அவளை இடிக்கவும் இல்லை. திரும்பினாள், உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. தரைதான் முழங்கால் நாரை அறுத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. சட்டம் படிக்கிறவள், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் அம்புலன்ஸ் போன பிறகு அந்த மனிதர் என்னிடம் வந்து விளக்கமளித்ததை நான் இன்னும் மறக்கவில்லை: "நீ கோவிக்காத பிள்ளை, ஈரத்தில ஓடினா புல்லு திரும்ப முளைக்க ஆறு கிழமை எடுக்கும்."

எழுபது வீதம்

முழங்காலுக்குப் பத்து மாதம் எடுத்தது. இந்த நாட்டில் டொக்டர் உங்களுக்குச் சுகம் என்றோ சுகமில்லை என்றோ சொல்லமாட்டார். வீதம் சொல்லுவார். முதுகு பிடித்தவரை ஐம்பது வீதம் வேலைக்கு அனுப்புவார். அவர் மத்தியானத்தோடு வீட்டுக்கு வருவார். கந்தோருக்கு அது சரி. அடுத்த மாசி மாதம் சிக்னேயின் சத்திரசிகிச்சை டொக்டர் சான்றிதழ்த் துண்டு கொடுத்தார்: எழுபது வீதம் வேலை செய்யலாம்.

முன்கள வீராங்கனை எழுபது வீதம் எப்படி ஆடுவாள்? பெனால்டி எல்லைக்கு வெளியே நின்றுவிடுவாளா? நான் சிரித்தேன். கழகச் செயலாளர் சிரிக்கவில்லை. காப்புறுதிக்காரர் கேட்டால் பதில் வேண்டுமே என்று போனை எடுத்துக் கணக்குப் போட்டார். தொண்ணூறு நிமிடத்தில் எழுபது வீதம், அறுபத்து மூன்று நிமிடம். அதற்குமேல் ஒரு நிமிடமும் கிடையாது. அடுத்த ஞாயிறு அறுபத்தோராவது நிமிடம் தலையால் ஒரு கோல் போட்டாள். அறுபத்து மூன்றில் வெளியே எடுத்தார்கள். மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தவள், செயலாளரைப் பார்த்தபடி சொன்னாள்: "மிச்ச முப்பது வீதமும் எந்தக் காலில இருக்கு எண்டு அவரிட்டக் கேட்டுச் சொல்லு."

அப்பா கேட்ட கேள்வி

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். புட்டும் மீன் குழம்பும். அப்பா அகதியாக வந்த புதிதில் டாவோசில் ஒரு ஹோட்டல் சமையலறையில் சாப்பாட்டுக் கோப்பை கழுவியவர். இப்போது வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையைப் பார்க்கிறார். யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வீத வேலை?" என்பதுதான். சிக்னேயிடமும் கேட்டார். நான் எழுபது வீதக் கதையைச் சொன்னேன்.

அன்றைக்குத்தான் அவள் தன்னைப் பற்றி ஒழுங்காகக் கதைத்தாள். வடக்கே ஒரு சின்ன ஊர். பெண்கள் அணி இல்லாததால் பன்னிரண்டு வயதுவரை பொடியன்களோடு ஆடியது. பத்தொன்பதில் முதல் ஒப்பந்தம். மூன்று நாட்டில் ஐந்து கழகம். ஆனி மாதத்தோடு இங்கே ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரே ஒரு வருடம் போதும் என்றாள். எங்கள் அணியில் கூட ஆடிய இரண்டு பேருக்கு அந்த வருடம் முழங்கால் காயமும் ஒப்பந்தம் இல்லை என்ற அறிவிப்பும் ஒன்றாக வந்தன. ஒருநாள் ஓட்டம், அடுத்த நாள் மின்னஞ்சல். தனக்கு அது வேண்டாம், கடைசிப் போட்டி எதுவென்று முன்னமே தெரிந்துகொண்டு ஆடவேண்டும், ஆட்டத்தை நிறுத்துவது தானாக இருக்கவேண்டும் என்றாள். நான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் எழும்பி அவளுடைய கோப்பையில் இன்னொரு அகப்பை புட்டுப் போட்டார். "டாவோசில எனக்கும் கை வீங்கி ஐம்பது வீதம் எண்டு துண்டு தந்தவங்கள் பிள்ளை. ஆனா கோப்பை நூறு வீதமும் வந்துகொண்டுதான் இருந்தது."

பதினொரு நிமிடம்

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

கழகம் சொன்னது இதுதான்: வைகாசி கடைசிக் கிழமை நிர்வாகம் கூடும். அன்றைக்கு நூறு வீதம் என்ற துண்டு மேசையில் இருந்தால் அடுத்த வருட ஒப்பந்தம், இல்லையென்றால் இல்லை. துண்டைத் தரவேண்டியவர் முழங்காலை வெட்டின டொக்டர் ஒருவரேதான். நேரம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. வைத்தியசாலைக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் நல்லபடியாகத்தான் கதைத்தா. கூட்டத்துக்கு முதல் நாள், காலை எட்டு இருபதுக்கு ஓர் இடம் இருந்தது. பெயர், பிறந்த திகதி எல்லாம் கேட்டா. பிறகு, விளையாட்டு தொழிலோ பொழுதுபோக்கோ என்று கேட்டா. தொழில் என்றேன். "பெண்கள் லீகோ? கணினியில தொழில் எண்ட பெட்டிக்குள்ள ஆண்கள் கழகங்கள்தான் இருக்கு. பொழுதுபோக்கு எண்டு போடுறன்."

பன்னிரண்டு வயதுவரை பொடியன்களோடு மோதி, மூன்று நாட்டில் வீடு மாறி, நாரை அறுத்துத் தைத்துக்கொண்ட ஒருத்திக்கு அது பொழுதுபோக்காம். நான் சட்டத்தைச் சொன்னேன். அரசியலமைப்பைச் சொன்னேன். தோய்க்காத காற்சட்டையையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய ஆகச் சிறந்த ஜெர்மன் அதுதான். ஒரு வினைச்சொல்கூட இடம் மாறி விழவில்லை. போனில் பார்த்தேன், பதினொரு நிமிடம். அந்தப் பெண் குறுக்கிடவே இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, உண்மையிலேயே வருத்தப்பட்ட குரலில் சொன்னா: "நீங்கள் சொன்னது எல்லாம் சரி, நான் மேல அறிவிக்கிறன். ஆனா நீங்கள் கதைச்சுக்கொண்டிருக்கேக்க பக்கத்து மேசையில அந்த எட்டு இருபதை வேற ஆளுக்குக் குடுத்திட்டினம்."

திகதி

அடுத்த இடம் ஆடி மாதம். இரண்டு நாள் நான் சிக்னேயிடம் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் சூரிச்சில் ஒன்று, கூர் நகரில் ஒன்று என்று வேறு வைத்தியசாலைகளைக் கெஞ்சிப் பார்த்தேன். வெட்டினவரிடம்தான் போகவேண்டும் என்றார்கள். செயலாளரிடம் ஒரு கிழமை தவணை கேட்டேன். நிர்வாகம் வருடத்துக்கு ஒருமுறைதான் ஒப்பந்தம் பார்க்கும் என்றார். அங்கே நான் வாதாடாமல் திரும்பி வந்தேன். கணினியில் பெண்களுக்குப் பெட்டி இல்லாதது அநியாயம். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அநியாயத்தை நான் என்னுடைய நேரத்தில் கேட்கவில்லை. அவளுடைய நேரத்தில் கேட்டேன்.

பயிற்சி முடிந்து பஸ் தரிப்பில் சொன்னேன். பெட்டியில் தொடங்கினேன், அவள் நிறுத்தினாள். எட்டு இருபது இருந்ததோ என்று கேட்டாள். ஓம் என்றேன். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. அவள் சப்பாத்தில் ஒட்டியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் துணிக்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டிவரும் என்று அழாமல் இருந்தேன். கடைசியில் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இன்னொருத்திக்காகப் போன் எடுக்கேக்க, முதல்ல திகதியை எழுது. பிறகு சண்டை பிடி."

விதி

கடைசிப் போட்டி எங்கள் மைதானத்தில். அன்றைக்குப் புல்தரை திறந்திருந்தது. ஒப்பந்தம் இல்லை என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் துண்டில் எழுபதுதான். எங்கள் லீக்கில் நாலாவது நடுவர் இல்லாததால் ஆள் மாற்றும் இலக்கப் பலகையைப் பிடிப்பதும் என் வேலைதான். கோல் ஒன்றுக்கு ஒன்று. அறுபத்து மூன்றாவது நிமிடம் செயலாளர் பின்னாலிருந்து என் தோளில் தட்டினார். ட்ரெயினர் நிலத்தைப் பார்த்தபடி தலையாட்டினார். உள்ளே போகவேண்டிய பத்தொன்பது வயதுப் பிள்ளை கோட்டில் நின்றாள். பலகையைத் தூக்கினேன். 

சிக்னே பார்த்தாள். மாட்டேன் என்று தலையை அசைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள்.

நான் பலகையைப் பிடித்தபடியே நின்றேன். செயலாளர் கோட்டுக்கே ஓடிவந்து, காப்புறுதி, துண்டு, நிமிடம் என்று நடுவரைக் கூப்பிட்டுக் கத்தினார். என் வாயில் மூன்று வாதங்கள் தயாராக இருந்தன. ஒன்றும் தேவைப்படவில்லை. நடுவர், ஒரு நடுத்தர வயதுப் பெண், கிட்ட வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னா: "அவ வெளிய வரமாட்டன் எண்டால் நான் ஒண்டும் செய்யேலாது. ஆட்டம் தொடரும் எண்டுதான் விதி."

தொண்ணூறு நிமிடமும் ஆடினாள். எண்பத்தெட்டில் வெறும் கோல் வாசலுக்கு முன்னால் கிடைத்த பந்தைக் கம்பத்துக்கு மேலால் கார் தரிப்பிடத்துக்கு அடித்தாள், வெற்றியும் இல்லை. முடிந்ததும் எல்லோருக்கும் கைகொடுத்தாள், செயலாளருக்கும். ஆனி மாதம் வடக்கே தன் ஊருக்குப் போய்விட்டாள். அங்கே பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாளாம். வைத்தியசாலைக்காரர் போன கிழமை எனக்கு மரியாதையான ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள்: கணினியில் பெட்டியைத் திருத்திவிட்டார்களாம்.

ஆக, இரண்டு வருடத்தில் ஒரு வாதத்தில்கூட நான் தோற்கவில்லை. கழகத்துக்குத்தான் ஒரு முன்கள வீராங்கனை குறைந்துபோனாள்.