பேரு நாட்டுக்குப் பேர் வந்த கதை

பசுபிக் சமுத்திரத்தை நாற்பது வயது தாண்டும்வரை நான் பசுபிக் என்றுதான் சொல்லி வந்தேன். அதில் ஒரு பிழையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் படித்த சரித்திரப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு நான் படிப்பித்த புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. கரும்பலகையில் அதை எழுதிக் கீழே ஒரு கோடு இழுத்தால் வகுப்பு முழுக்கக் குனிந்து கொப்பியில் எழுதும். அதே சமுத்திரத்தின் கரையில் வந்து குடியிருப்பேன், அங்கே அந்தப் பெயரைச் சொல்வதற்கு வாயைப் பழக்கிக்கொண்டு திரிவேன் என்று எந்தச் சாத்திரக்காரனும் எனக்குச் சொல்லவில்லை.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு நானும் மனைவியும் ஓக்லாந்துக்கு வந்தோம். பாபடோயிட்டோயில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். விமானங்கள் இறங்கும்போது கூரையைத் தொட்டுவிடும் போலப் போகும். மனைவி மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். நான் விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் பெயின்ற் வாளிகளை அடுக்கினேன். வேலை கடினமில்லை. அதுதான் தொல்லை. கை தன்பாட்டில் அடுக்க, மூளை சும்மா இருந்து என்னைத் தின்றது. வீட்டுக்கு வந்தால் உட்காரப் பிடிக்காது. குசினியிலிருந்து முன்னறைக்கு, முன்னறையிலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து திரும்பவும் குசினிக்கு.

"குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் திரியிறியள்? ஒரு இடத்திலை இருங்கோவன்" என்பாள் மனைவி.

இருக்க முடிந்தால் இருக்க மாட்டேனா?

ஊரில் எனக்குப் பெயர் மாஸ்ரர். தபால்காரனிலிருந்து மீன் விற்க வருகிறவள்வரை எல்லோருக்கும் நான் மாஸ்ரர்தான். மனைவியும் பிறத்தியாரிடம் என்னைப் பற்றிக் கதைக்கும்போது "மாஸ்ரர் குளிக்கிறார்", "மாஸ்ரரைக் கேட்டுச் சொல்லுறன்" என்றுதான் சொல்லுவாள். இங்கே வந்த புதிதில் ஒரு பிறந்தநாள் வீட்டில், பழக்கதோசத்தில், "மாஸ்ரருக்கு இப்ப விரியிலை வேலை" என்று சொல்லிவிட்டாள். அங்கிருந்த ஒருவர் நல்ல மனதோடுதான் கேட்டார். "விரியிலை எந்தப் பள்ளிக்கூடம்?" விரியில் கிடங்குகளும் லொறிகளும்தான் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்துதான் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. எனக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "இனிமேல் அந்தச் சொல்லை எடுக்காதையும். வாளி அடுக்கிறவனுக்கு என்ன மாஸ்ரர்?" அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் எடுக்கவில்லை.

கிடங்கில் எனக்கு வேறு பெயர். மேற்பார்வையாளர் என் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். "நீ இந்தியன்தானே?" என்று கேட்டார். இல்லை, இலங்கைத் தமிழன் என்றேன். "சரி, இந்தியன்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் இந்தியன். எங்கள் சரித்திரப் பாடத்தில் இதே பிழை வரும். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வழி தவறின கப்பற்காரர்கள், கண்ணில் பட்ட சனத்துக்கெல்லாம் இந்தியர் என்று பேர் வைத்துவிட்டார்கள். தாங்கள் வந்து சேர்ந்தது இந்தியா இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் பேரை அவர்கள் மாற்றவில்லை. இதைச் சொல்லி நான் வகுப்பைச் சிரிக்க வைப்பேன். அந்தப் பகிடி தன் முதுகில் ஒட்டிக்கொள்ளும்போதுதான் அது பகிடியில்லை என்று தெரிகிறது.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு உயர்தரப் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே நான் வேலை கேட்டு மூன்றாவது தரம் போனபோது, சரித்திரப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவர் என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். நரைத்த தாடிக்காரர், நிதானமான மனிதர். ஒரு ஆசிரியை அடுத்த தவணை லீவில் போகிறார், பதிலுக்கு ஆள் வேண்டும் என்றார். "உங்கள் பட்டத்தில் பிரச்சினை இல்லை. பிள்ளைகளுக்கு உங்கள் பேச்சு விளங்குமா என்றுதான் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை ஒரு பாடம் எடுங்கள். நான் பின்னால் இருந்து கேட்கிறேன்." பாடம் என்ன என்று கேட்டேன். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அமெரிக்காக் கண்டங்களுக்குப் போனது என்றார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அந்தப் பாடத்தை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் தமிழில்.

அன்றிரவே குசினியில் ஒத்திகை தொடங்கியது. மனைவி கொன்வென்றில் படித்தவள், அவளுடைய ஆங்கிலம் பிசிறில்லாதது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டாள். எதிர் வீட்டுத் தமிழ்நாட்டு நண்பரும் வந்து கதிரையில் உட்கார்ந்தார். அவருக்கு விமான நிலையத்தில் வேலை. அவர் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவார். அதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை, பஸ் சாரதியையும் அவர் சார் என்பவர்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். தென்னமெரிக்காவின் தென்முனையில் ஒரு இடுக்கான நீரிணை வழியாக நுழைந்து, மாலுமிகள் தோலையும் மரத்தூளையும் தின்று பசியோடு கடந்த அந்தப் பெருங்கடல் பசுபிக் என்றேன்.

மனைவி வெங்காயத்தை வைத்துவிட்டாள். "என்னப்பா சொன்னனீங்கள்?"

"பசுபிக்."

"ஐயோ, அப்பிடிச் சொல்லிப்போடாதேங்கோ. இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு அது வீட்டு வாசலிலை கிடக்கிற கடல். கீழ் உதட்டைப் பல்லாலை கடிச்சுக்கொண்டு காத்தை விடுங்கோ. ஃ... ஃ... பசிஃபிக்."

"எனக்கு நீர் அரிச்சுவடி படிப்பிக்கிறீரோ?"

"படிப்பிக்கத்தான் வேணும் போல கிடக்கு."

நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க கதையைச் சொல்லுங்க சார்" என்றார். அப்போது நான் எனக்குப் பிடித்த கதையைச் சொன்னேன். ஸ்பானியர் தென்னமெரிக்கக் கரையோரம் இறங்கிப் போகும்போது ஒரு ஆற்று வாயில் மீன் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவனைப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். இது என்ன நாடு என்று கையாலும் வாயாலும் கேட்டார்கள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னைத்தான் யாரென்று கேட்கிறார்கள் என்று நினைத்துப் பயத்தில் தன் பெயரைச் சொன்னான். பெரு என்றோ பேரு என்றோ ஏதோ ஒன்று. அவர்கள் அதையே அந்த நாட்டுக்குப் பேராக வைத்துவிட்டார்கள். இப்படி ஒரு பழைய கதை.

நண்பர் தொடையில் தட்டினார். "அட, பேரு என்னன்னு கேட்டதுக்கு அவன் பேரைச் சொன்னான், அவங்க பேருன்னே பேரு வச்சுட்டாங்க. தமிழன்தான் சார் அவன்."

"அவன் ஆரோ எவரோ, அந்த ஃ சத்தத்தை மட்டும் மறந்திடாதேங்கோ" என்றாள் மனைவி.

மறக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் வாளி அடுக்கும்போதும் உதட்டைக் கடித்தேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். நான் அவள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். இரவில் நித்திரை இல்லை. ஊரில் பத்து வருடம் வகுப்புக்குள் போனவன், ஒரு பாடத்துக்கு இப்படிக் கிடந்து நெளிந்தேன். இதுவும் சறுக்கினால் இனிச் சாகும்வரை வாளிதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வியாழக்கிழமை மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தன. நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நடந்து போனேன். வகுப்பில் மாவோரி, தொங்கா, சமோவாப் பிள்ளைகள், வெள்ளைப் பிள்ளைகள், இரண்டு குஜராத்திப் பிள்ளைகள். தாடிக்காரர் கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். முதல் ஐந்து நிமிடம் வண்டி சீராக ஓடியது. பசிஃபிக் என்ற இடம் வந்தது. கடித்தேன், ஊதினேன், அருமையான ஃ விழுந்தது. என் மனம் குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சியில்தான் புத்தி தவறியது. பழக்கின உதடு பழக்கின வேலையை விடவில்லை. போர்த்துக்கேயர் ஃபோர்த்துக்கேயர் ஆனார்கள். ஸ்பெயின் ஸ்ஃபெயின் ஆனது. பேரு ஃபேரு ஆனது. முன் வரிசையில் ஒரு பையன் வாயைப் பொத்தினான். பிறகு வகுப்பே குலுங்கியது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் இப்படிச் சிரித்திருந்தால் பிரம்பு எடுத்திருப்பேன். இங்கே பிரம்புமில்லை, வேலையும் இன்னும் என் கையில் இல்லை. சோக்கை மேசையில் போட்டேன். காதெல்லாம் சுட்டது. போவதென்றால் மானத்தோடு போவோம் என்று முடிவெடுத்தேன்.

"என் மொழியில் அந்தச் சத்தம் கிடையாது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "ஒரு கிழமையாக வீட்டில் அதைப் பழகினேன். இப்போது அது எல்லா இடத்திலும் வருகிறது. என்னால் நிறுத்த முடியவில்லை."

சிரிப்பு அடங்கவில்லை, ஆனால் அதன் சுவை மாறியது. பின்னால் ஒரு மாவோரிப் பையன் கையைத் தூக்கினான். தங்கள் மொழியிலும் ஆங்கிலச் சொல் வந்தால் அப்படித்தான், ஃபாம் என்கிற பண்ணையைத் தாங்கள் பாமு என்பதாகச் சொன்னான். நாங்கள் பாம் என்போம் என்றேன். அவன் பக்கத்தில் இருந்தவனின் தோளில் இடித்து, பார்த்தாயா என்பது போலச் சிரித்தான். அதற்குப் பிறகு நான் உதட்டைக் கடிக்கவில்லை. பசுபிக் என்றே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மீன் பிடித்தவனின் கதையைச் சொன்னேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது. ஆற்றில் நின்றவன் கப்பலைப் பார்த்து வாய் பிளந்து நின்றதையும், அவர்கள் பின்னால் வந்து பிடித்ததையும், மேல்தட்டில் வைத்துக் கேள்வி கேட்டதையும் நடித்தே காட்டினேன். நான் அவனாக நின்று என் நெஞ்சைத் தொட்டு அவன் பெயரைச் சொன்னபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. விரிக் கிடங்கில் நானும் இப்படி நின்று என் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

ஜன்னலோரம் இருந்த தொங்காப் பிள்ளை கையைத் தூக்கினாள். "பிறகு அவன் வீட்டுக்குப் போனானா?"

பத்து வருடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், ஒரு நாளாவது அதை யோசித்ததில்லை. எங்கள் புத்தகம் அந்த நாட்டுக்குப் பேர் வந்ததோடு அவனை விட்டுவிட்டு, சிறைப்பட்ட அரசன் தன் விடுதலைக்காகத் தங்கத்தால் நிரப்பிக் கொடுத்த அறைக்குப் போய்விடும். "எனக்குத் தெரியாது" என்றேன். "அவனுடைய வீட்டுக்காரர் தேடியிருப்பார்களே" என்றாள் அவள். தேடித்தான் இருப்பார்கள் என்றேன். மணி அடித்தது. நான் சொல்ல நினைத்திருந்த அரசர்களும் தளபதிகளும் பாதிக்கு மேல் மிச்சம்.

தாடிக்காரர் கதவடியில் கை குலுக்கினார். நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. தொலைபேசியில் சொல்கிறேன் என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே தொலைபேசியைச் சுற்றி வருவேன். அது வேலை செய்கிறதா என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பேன். "நீங்கள் எடுத்து எடுத்துப் பார்த்தால் அந்தாள் எப்பிடி அடிக்கிறது?" என்பாள் மனைவி. அவளும் அந்தக் கிழமை தொலைபேசி இருந்த அறையை விட்டுத் தூரம் போகவில்லை. அதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அது அடித்தது. நான் கொல்லையில் கொடியிலிருந்து உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றேன். ஓடி வருவதற்குள் மனைவி எடுத்துவிட்டாள். கரண்டி ஒரு கையில், றிசீவர் மறு கையில். அந்தப் பக்கம் யாரோ என் பெயரைக் கேட்டிருக்க வேண்டும். கொன்வென்ற் ஆங்கிலமெல்லாம் எங்கே போனதோ, அவள் பதறிப்போய்த் தமிழில் சொன்னாள்.

"ஓம், ஓம். மாஸ்ரர் நிக்கிறார். பொறுங்கோ."

றிசீவரை என்னிடம் நீட்டினாள். என்ன சொன்னோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய கண் என் வாயைப் பார்த்தபடி இருந்தது.

தாடிக்காரர்தான். பிள்ளைகள் இன்னும் அந்த மீன்காரனைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றார். நல்ல பாடம், தான் ரசித்துக் கேட்டதாகச் சொன்னார். ஆனால் அது பரீட்சை எழுதுகிற வகுப்பு, பாடத்திட்டம் முடிய வேண்டும், ஆகவே வேறொருவரை எடுத்திருக்கிறோம் என்றார். மன்னிக்கவும் என்றார். கூப்பிட்டுச் சொன்னதற்கு நன்றி என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஃபோனிங் என்ற சொல்லில் ஃ கச்சிதமாக விழுந்தது. இனி அது விழுந்தாலென்ன, விழாவிட்டாலென்ன?

றிசீவரை வைத்தேன்.

"என்னவாம்?"

"வேறை ஆளைப் போட்டிட்டினமாம்."

அவள் கரண்டியோடு குசினிக்குள் போனாள். எனக்கு அழுகை வந்தது. கோபமாக வந்தால் கத்தித் தீர்த்திருப்பேன், கோபம் வரவில்லை. உடுப்புக் கூடை கொல்லை வாசலில் அப்படியே கிடந்தது. தூறத் தொடங்கியிருந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்து வைத்தேன். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் முன்னறைக்கு நடந்தேன், திரும்பினேன், திரும்பவும் நடந்தேன்.

குசினிக்குள் கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. "அவங்களுக்குக் குடுத்து வைக்கேல்லை" என்றாள் உள்ளே இருந்து, எனக்கா சுவருக்கா என்று தெரியாத குரலில். பிறகு நிலைக்கதவடியில் வந்து நின்றாள். இந்த முறை அவள் பதற்றத்தில் இல்லை. என்ன சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னாள்.

"மாஸ்ரர், அங்கையும் இஞ்சையும் நடந்தது காணும். வந்து இருந்து சாப்பிடுங்கோ."

அந்தச் சொல்லை எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. போய் இருந்தேன்.