சந்தனம் பூசிய சிடி

பிரிசில்லா வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. கூடுவாஞ்சேரியில் ரயிலேறி, பொத்தேரியில் இறங்கி, எட்டரைக்கெல்லாம் கல்லூரி கம்ப்யூட்டர் லேப்பைத் திறந்துவிடுவாள். அப்பா ஏசுதாஸ் ஊரார் நிலத்தில் ஏர் பிடித்தவர். அந்த வீட்டில் முதன்முதலாக வந்த மாதச் சம்பளம் இவளுடையதுதான். அதுவும் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. சாவிக்கொத்தோடு பயத்தையும் சேர்த்தே இடுப்பில் செருகிக்கொண்டு அலைவாள்.

பூஜை விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை காலை அந்தப் பயம் மொத்தமாக வந்து இறங்கியது. சர்வர் கிளம்பவில்லை. கறுப்புத் திரையில் நாலு வரி பிழைச் செய்தி மட்டும் நின்றது. அறுபது பிள்ளைகளின் கடைசி வருட ப்ராஜெக்ட் அதற்குள் இருந்தது. பத்து மணிக்கு மதிப்பெண் போட வெளியிலிருந்து ஆள் வருகிறார். அதையெல்லாம் வேறிடத்தில் நகலெடுத்து வைத்து மூன்று வாரமாகியிருந்தது.

போச்சு, வேலை போச்சு என்று நினைத்தாள். காரணம் இருந்தது. ஆயுத பூஜையன்று பொட்டு வைத்த மெஷினை ஓட்டக்கூடாது என்பது லேப் பொறுப்பாளர் உப்பிலி சார் போட்ட சட்டம். அன்று மத்தியானம் எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு போனபின், ஆராய்ச்சி மாணவி சாருலதா வந்து கெஞ்சினாள். மாமல்லபுரம் கரையில் அலை எப்படி எழும்பும் என்று கணக்கிடும் புரோகிராம் அவளுடையது. அதை ஒரே மெஷினில் கம்பைல் செய்ய, அதாவது மெஷின் ஓட்டும்படி மாற்றி எடுக்க, இரண்டு நாள் பிடிக்கும். இருபத்துநாலு மெஷினிலும் லைவ் சிடி போட்டு, வேலையைப் பங்கு பிரித்துக் கொடுத்தால் மூன்று மணி நேரம். இவளும் யாரிடமும் கேட்காமல் சரியென்றுவிட்டாள்.

சிடியிலிருந்தே கிளம்பும் லினக்ஸ் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. சர்வர் பக்கம் அன்று அவர்கள் போகவேயில்லை. இதெல்லாம் தெரிந்தும் பயம் விடவில்லை.

பீரோவிலிருந்து மீட்பு சிடியை எடுத்துப் போட்டாள். டிரைவ் கிர்ரென்று சுற்றி ஓய்ந்தது. மறுபடி போட்டாள், மறுபடி ஓய்ந்தது. திருப்பிப் பார்த்தால், பளபளக்கிற பக்கத்தில் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம். பூஜையென்றால் உப்பிலி சார் ஃபேன் சுவிட்சைக்கூட விடமாட்டார், சிடியை விடுவாரா? வேறு சிடியும் இல்லை. அன்று போட்ட லைவ் சிடி எல்லாவற்றையும் சாருலதா கையோடு எடுத்துப் போயிருந்தாள்.

துப்பட்டா நுனியை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் துடைத்தாள். ஒரு கீறல் விழுந்தால் தீர்ந்தது. மூன்றாம் முறை சிடி ஓடியது. பழுதான டிஸ்க்கில் எதுவும் எழுதாமல், அதைப் படிக்க மட்டும் திறந்தாள். பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"எல்லாம் வந்துடுத்தா?"

பின்னால் உப்பிலி சார் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"வந்துகினு கீது சார்."

"பூஜைக்கு முன்னாடி மெயின் சுவிட்சை அணைச்சு, முடிஞ்சதும் போட்டது நான்தாம்மா. எல்லாம் ஆஃப்னு நெனச்சேன். சர்வர் ஓடிண்டிருந்தது, பட்டுன்னு கரண்ட் போனா டிஸ்க் கெட்டுடும்னு நேத்து ராத்திரிதான் ஞாபகம் வந்தது."

"அப்போ இது என்னால இல்லியா சார்?"

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். "அன்னிக்குப் பூஜை மணியை மறந்துட்டு, எடுத்துண்டு போகத் திரும்பி வந்தேன். நீங்க ஓட்டறதைப் பார்த்தேன். இது வரலேன்னா..." என்று நிறுத்தி, தாளை நீட்டினார்.

துறைத் தலைவர் எச்.ஓ.டி.க்கு எழுதிய கடிதம் அது. பூஜையன்று அனுமதியில்லாமல் மெஷின்களை ஓட்டிப் பழுதாக்கியவர் பிரிசில்லா என்று அழகான கையெழுத்தில் இருந்தது. கீழே கையொப்பமும் போட்டிருந்தார்.

"கிழிச்சுடும்மா."

"நீங்க எழுதினது. நீங்களே கிழிங்க சார். நான் ஓட்டுனத நானே எச்.ஓ.டி. சார்கிட்ட சொல்லிடறேன். மெயின் சுவிட்ச் மேட்டர நீங்க சொல்லுங்க."

அவர் தலையாட்டிவிட்டுத் தாளைக் கிழித்தார். காலையிலிருந்து டிஸ்க்குக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள் பிரிசில்லா. இந்த மனிதருக்குப் பயப்பட வேண்டுமென்று ஏழு வருடத்தில் ஒரு நாளும் தோன்றியதில்லை. அப்போதுதான் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.