தாடையில் அறையும் பூ

தேன்பெட்டிக்காரருக்கு முழங்கால் வலி. அதைவிடப் பெரிய வலி, எதிரே கிடந்த குதிரைமசால் வயல். மாட்டுத் தீவனமாக அறுக்கும் பயிரை இந்தத் தடவை விதைக்காகப் பூக்க விட்டிருந்தார் பண்ணைக்காரர். தேனீப் பெட்டிகளை ஓரத்தில் வைக்க இடம் கொடுத்தவரும் அவரே. பூ கொட்டிக் கிடந்தது, காயைத்தான் காணோம்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வருவேண்ணே. காய் பிடிக்கலேன்னா அறுத்து மாட்டுக்குப் போட்டுருவேன். நீங்களும் பெட்டியைத் தூக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தூக்கிக்கொண்டு எங்கே போவது? இவ்வளவு பெட்டிகளுக்கு இடம் கொடுக்க வேறு ஆள் இல்லை.

அந்தப் பூவின் குணம் அப்படி. பார்க்க ஊதா நிறத்தில் சாதுவாக இருக்கும். கீழிதழுக்குள் ஒரு காம்பை வில் போல மடக்கி வைத்திருக்கும். தேனீ தலையை நுழைத்தால் விசுக்கென்று நிமிர்ந்து தாடையில் அறையும். அந்த அறை விழுந்தால்தான் மகரந்தம் சேரும், காய் பிடிக்கும். அடிபட்ட தேனீக்கள் பக்கவாட்டில் நாக்கை நீட்டித் தேனை மட்டும் உறிஞ்சப் பழகிவிட்டன. மற்றவை பக்கத்து வயல் கடுகுப் பூவுக்கே போய்விட்டன. அது தட்டு மாதிரி விரிந்த பூ, வாசமும் தூக்கல், அடிதடி கிடையாது.

"உங்க தம்பி மாதிரியே இருக்குதுங்க. சாப்பாட்டுக்கு மட்டும் டாண்ணு வந்துருதுங்க" என்றாள் மனைவி.

"அவனை ஏன்டி இதுல இழுக்கிற?"

"சரி, கயித்தை இழுப்போம். கயிறு உரசினாலும் அந்தக் காம்பு விசுக்குன்னு நிமிரும்ல?"

ஆளுக்கொரு வரப்பில் நின்று, கிணற்றுக் கயிற்றைப் பூக்கள் மேல் உரசியபடி இழுத்துப் போனார்கள். பூக்களுக்குள் காம்புகள் வெடுக்கென்று நிமிர்ந்தன. தேனீக்கள் அவர்கள் தலைக்கு மேலாகக் கடுகு வயலுக்குப் பறந்தன.

"ஆண்டவனே, இதுங்களுக்கு ரெக்கை, எங்களுக்குக் கயிறா?" என்று முனகினார். பாதி வயலோடு தெம்பு தீர்ந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை பண்ணைக்காரர் வந்து செடியை விலக்கிப் பார்த்தார். உரசிய பாதியில் சின்னச் சின்னச் சுருள் காய்கள். மறுபாதியில் பூ மட்டும்.

"உங்க தேனீக்கு இல்லாத புத்தி இந்தக் கயித்துக்கு இருக்குதேண்ணே!" என்று சிரித்தார். "பெட்டி அங்கேயே இருக்கட்டும். மிச்சத்தையும் நீங்களே இழுத்து விட்ருங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார் தேன்பெட்டிக்காரர். சந்தோஷப்படக்கூட உடம்பில் சத்தில்லை.

"நாளைக்கு அந்தக் கோடியில இருந்து ஆரம்பிப்போம்ங்க, வெயில் முகத்துல அடிக்காது" என்றாள் மனைவி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே.