தொட்டால் தெரியும்

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிருக்குக் கண் கிடையாது. உடலைச் சுற்றியுள்ள நுண்மயிர்களால் தொட்டே இணையை அறியும். தன் வகை என்றால் விலகிவிடும். வேறு வகை என்றால் ஒட்டிக்கொள்ளும். நம் பக்கம் ஒரே குலக் கூட்டத்தில் பெண் எடுக்காத மாதிரிதான் என்பேன், வகுப்பே சிரிக்கும்.

மறதி நோயில் மனைவி என் முகத்தை மறந்துவிட்டாள். தொட்டால் தெரிந்துகொள்வாள் என்று, பாடம் நடத்தியவனின் திமிரோடு அவள் கையைப் பிடித்தேன்.

"நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"அட, கட்டிக்கிற முறைதானுங்க!" என்று சிரித்தவள், சட்டென்று கையை உருவிக்கொண்டாள். "ஆனா எனக்குக் கண்ணாலமாயிருச்சுங்க. எங்க ஊட்டுக்காரரு வந்தா வைவாருங்க."

நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காத்திருந்த அந்த மனிதன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.